தங்கச்சி எந்த ஊரில் வாக்குப் போடுவது?

என் தங்கச்சி கலியாணம் கட்டி சுவிசுக்குப் போனது 2006 இல். அவள் கடைசியாகப் புள்ளடி போட்டது 2004 ஏப்ரல் பொதுத் தேர்தலில், கல்லடியில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்து வகுப்பறையில், அம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நின்று. அதற்குப் பிறகு இருபது வருசத்துக்கு மேலாகிறது, எந்த நாட்டிலும் எந்தத் தேர்தலிலும் அவள் வாக்களித்ததில்லை. வேலை செய்கிறாள், வரி கட்டுகிறாள். பேர்ண் நகரத்தில் குப்பையைக்கூட அதற்கென்று விலை வைத்து விற்கிற பைக்குள் கட்டி வைத்தால்தான் எடுப்பார்கள், அந்தப் பையையும் காசு கொடுத்து வாங்குகிறாள். ஆனால் அந்தப் பைக்கு என்ன விலை வைப்பது என்று தீர்மானிக்கிற சபைக்கு ஆள் தெரிவு செய்ய அவளுக்கு வாக்கு இல்லை.

போன மாசம் வட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டிருந்தபோது அவள் அடுப்படியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். மருமகள் மேசையில் ஒரு தடித்த கடித உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். 18 வயதாகி சுவிஸ் பிரஜாவுரிமையும் கிடைத்துவிட்ட பிள்ளை. அங்கே வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும், வருசத்தில் நாலு தடவை. அவள் தாயைப் பார்த்துக் கேட்டாள்: “அம்மா, பள்ளிக்கூடம் திருத்துறத்துக்குக் காசு ஒதுக்கலாமா எண்டு கேட்டிருக்காங்க. ஓமெண்டு போடவா?” தங்கச்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: “அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இவளக் கையில புடிச்சிக் கூட்டிப் போனது நான்தான் அண்ணா. எனக்கிட்ட ஒருத்தரும் கேக்கல்ல.”

அன்றிரவு முழுக்க அந்தச் சொல்தான் காதுக்குள் நின்றது. அவளுக்கு முன்னால் நாலு வழி இருக்கிறது. ஒவ்வொன்றையும் நான் தேடிப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்தக் கேள்வி இல்லாத வீடு குறைவு. எல்லார் வீட்டிலும் ஒருவர் ஒஸ்லோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் கட்டாரில்.

முதல் வழி அம்மா சொன்னது. பெயரை இங்கே எங்கள் வீட்டு வாக்காளர் இடாப்பில் போட்டு வைத்தால், தேர்தல் நேரம் லீவு கிடைத்து வந்தால் போட்டுவிட்டுப் போகலாமே என்று. அம்மா வருசா வருசம் கிராம சேவகர் படிவம் கொண்டுவரும்போது தங்கச்சியின் பெயரையும் சொல்லப் பார்ப்பார். அது அன்பில் செய்கிற வேலை, பெயரை வெட்டினால் பிள்ளையையே வெட்டியது போல அவருக்கு. ஆனால் சட்டப்படி இடாப்பில் இருக்க வேண்டியவர் அந்த முகவரியில் சாதாரணமாக வசிப்பவர். தங்கச்சி இங்கே வசிக்கவில்லை. சட்டத்தை விடுங்கள், நியாயத்தைப் பாருங்கள். மாரி வந்தால் எங்கள் ஒழுங்கையில் வடிகான் நிரம்பி வாசல் வரை தண்ணீர் ஏறும். அதற்குள் நடந்து பிள்ளையைப் பள்ளிக்கு விடுகிறவர்கள்தான் எங்கள் வட்டாரத்துக்கு யார் உறுப்பினர் என்று முடிவு செய்ய வேண்டும். சுனாமிக்குப் பிறகு நாவலடியிலிருந்து திராய்மடுவுக்குப் போய்க் குடியேறிய சனத்தை நினைத்துப் பாருங்கள். நாவலடி அவர்களுடைய மண், செத்தவர்களுடைய நினைவும் அங்கேதான். ஆனாலும் ரோட்டும் தண்ணிக் குழாயும் தெரு விளக்கும் அவர்களுக்குத் தேவைப்பட்டது திராய்மடுவில்.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டாருக்கும் குவைத்துக்கும் சவூதிக்கும் இரண்டு வருச ஒப்பந்தத்தில் போகிற எங்கள் பகுதிப் பெண்களும் ஆண்களும் தங்கச்சி மாதிரி இல்லை. அவர்கள் எத்தனை வருசம் அங்கே வேலை செய்தாலும் அந்த ஊர் அவர்களைத் தன் ஆளாக எடுக்கப் போவதில்லை, அவர்களுடைய பிள்ளைகள் இங்கேதான் வளர்கிறார்கள், அவர்கள் திரும்பி வரப்போவதும் இங்கேதான். இப்படிப்பட்டவர்களுக்கு வெளிநாட்டிலிருந்தே இங்கத்தைத் தேர்தலில் வாக்களிக்க வழி இருக்க வேண்டும். இதுவரை இலங்கை அப்படியொரு வழியைச் செய்து கொடுக்கவில்லை. அனுப்புகிற காசுக்கு நன்றி சொல்லாத அரசாங்கம் கிடையாது, ஒரு தபால் வாக்கை மட்டும் கொடுக்கவில்லை. அம்மாவின் யோசனை இவர்களுக்குச் சரி. தங்கச்சிக்குச் சரிவராது.

இரண்டாவது வழி, இருக்கிறபடியே இருப்பது. கையில் சி பெர்மிட் இருக்கிறது, நிரந்தரமாக வசிக்கலாம், வேலை செய்யலாம், யாரும் போ என்று சொல்லப் போவதில்லை. அவள் புருசன் இந்தப் பக்கம். “வாக்குப் போட்டுத்தான் என்ன கிழிக்கப் போறம்” என்கிறார் மச்சான். பேர்ண் மாநிலத்தில் 2010 செப்டெம்பரில் ஒரு மக்கள் வாக்கெடுப்பு நடந்தது, வெளிநாட்டவருக்கு உள்ளூர் வாக்குக் கொடுக்க விரும்புகிற ஊர்கள் கொடுத்துக்கொள்ளட்டும் என்பதற்கு. பெரும்பான்மையானவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த வாக்கெடுப்பில் மச்சானோ தங்கச்சியோ வாக்களிக்க முடியாது, அதுதான் இந்த விசயத்தின் முடிச்சே. தங்களுக்கு வாக்கு வேண்டுமா என்ற கேள்விக்குக்கூட அவர்களால் பதில் சொல்ல முடியாது. சும்மா இருந்தால் தானாக மாறும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. சுவிசில் வசிக்கிறவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்கள். அவ்வளவு பேரை வெளியில் வைத்துக்கொண்டே அந்த நாடு வருசத்துக்கு நாலு தடவை மக்கள் கருத்துக் கேட்கிறது.

மூன்றாவது வழி கொஞ்சம் சுவாரசியமானது, வீடு மாறுவது. சுவிசில் உள்ளூர் வாக்கு யாருக்கு என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே தீர்மானிக்கிறது. நியூசத்தல் மாநிலம் 1849 இலேயே வெளிநாட்டு ஆண்களுக்கு ஊர்ச் சபை வாக்குரிமையைக் கொடுக்கத் தொடங்கியது. சொந்த ஊர்ப் பெண்களுக்கு அதே மாநிலம் 1959 இல்தான் கொடுத்தது. நாடு முழுவதுமாகச் சுவிஸ் பெண்களுக்கு வாக்குக் கிடைத்தது 1971. எங்கள் அம்மம்மாக்களுக்கு 1931 இலேயே கிடைத்துவிட்டது என்பதைத் தங்கச்சியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. ஜூரா மாநிலம் 1979 இல் தனி மாநிலமானபோதே வெளிநாட்டவரையும் சேர்த்துக்கொண்டது. வோ மாநிலம் 2003 இல், ஜெனீவா 2005 இல், பிரிபூர் 2006 இல். ஜெனீவா வாக்களிக்க மட்டும் விடுகிறது, தேர்தலில் நிற்க விடுவதில்லை. பிரிபூர் இரண்டையும் கொடுக்கிறது.

பிரிபூர் பேர்ணிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம்கூட இல்லை. இங்கிருந்து வாழைச்சேனைக்குப் போகிற நேரம் ஆகாது. அந்தத் தூரத்தில் வாக்கு இருக்கிறது, இந்தப் பக்கம் இல்லை. ஆனால் கணக்குப் பார்த்தால் சரிவராது. பிரிபூரில் சி பெர்மிட்டோடு அந்த மாநிலத்துக்குள் 5 வருசம் இருந்திருக்க வேண்டும். அங்கே நகரத்தில் பெரும்பாலும் பிரெஞ்சு, தங்கச்சி இருபது வருசமாகக் கஸ்டப்பட்டுப் படித்தது ஜெர்மன். மச்சானுக்கு பேர்ணில் ஒரு உணவகத்தில் குசினி வேலை, இரவு பன்னிரண்டுக்குத்தான் முடியும். வாக்குக்காக வீட்டை மாற்றி, மொழியை மாற்றி, அஞ்சு வருசம் காத்திருப்பது ஒரு குடும்பத்திடம் கேட்கக் கூடிய காரியம் இல்லை. புதிதாகப் போகிறவர்கள், இன்னும் ஊரைத் தெரிவு செய்யாதவர்கள் இதையும் ஒரு கணக்கில் எடுக்கலாம்.

நாலாவது வழி பிரஜாவுரிமை எடுப்பது. 2018 முதல் நடைமுறையில் இருக்கிற சட்டப்படி 10 வருசம் சுவிசில் வசித்திருக்க வேண்டும், சி பெர்மிட் இருக்க வேண்டும், அந்த இடத்து மொழி பேச்சில் பி1 (அன்றாடம் கதைத்துச் சமாளிக்கிற அளவு), எழுத்தில் ஏ2 (எளிய வசனம் எழுதுகிற அளவு) மட்டத்தில் தெரிந்திருக்க வேண்டும். மத்திய அரசு, மாநிலம், ஊர் என்று மூன்று இடத்திலும் சம்மதம், மூன்று இடத்திலும் கட்டணம். பேர்ண் மாநிலத்தில் சமூக உதவிப் பணம் வாங்கியிருந்தால் இன்னும் இறுக்கம். கடைசி 10 வருசத்துக்குள் வாங்கியதைத் திருப்பிக் கட்டியிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு 8 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் வாழ்ந்த ஒவ்வொரு வருசமும் இரண்டாகக் கணக்கு, அதனால் மருமகளுக்குச் சுலபமாக முடிந்தது. தாய்க்குத்தான் மலை.

இந்தப் பக்கத்துச் சிக்கலும் இருக்கிறது, அதைச் சிலர் கவனிக்காமல் விட்டு மாட்டுப்பட்டிருக்கிறார்கள். வேறு நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்தால் இலங்கைப் பிரஜாவுரிமை தானாகவே போய்விடும், முன்கூட்டியே வைத்திருக்க விண்ணப்பித்திருந்தால் தவிர. போன பிறகு திரும்ப எடுக்கவும் வழி உண்டு, இரட்டைப் பிரஜாவுரிமை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அப்பாவின் வளவில் ஒரு பங்கு தங்கச்சிக்கு வரும். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரித்து மாற்றுவதைத் தடுக்கிறது. பரம்பரையாக வருவதற்கும் இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களுக்கும் விலக்கு இருக்கிறது என்றாலும், கையில் கடதாசி இருந்தால் மனம் நிம்மதி. ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் இலங்கைப் பிரஜாவுரிமையை வைத்திருக்க விண்ணப்பம், அப்புறம் சுவிஸ் பிரஜாவுரிமை.

இது வரைக்கும் தங்கச்சியின் கதை. ஆனால் இதே வேளையில் வேறு நாடுகளில் எங்கள் ஆட்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தபோது எனக்குக் கோபமும் வந்தது, தெளிவும் வந்தது.

பெரியப்பாவின் மகன் 2011 இல் ஒஸ்லோ போனான். நோர்வேயில் 1983 முதல், 3 வருசம் தொடர்ந்து பதிவில் வசித்த எவருக்கும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்கு, கடவுச்சீட்டு எந்த நாடென்றாலும். 2015 செப்டெம்பரில் அவன் வாக்களித்தான். அந்தத் தேர்தலுக்குப் பிறகுதான் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஹம்சாயினி குணரத்தினம் ஒஸ்லோவின் துணை மேயரானார். அவன் அப்போது எடுத்த ஒரு படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, குளிர்ச் சட்டையோடு வாக்குச் சாவடி வாசலில், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி. சுவீடன் இதை 1976 தேர்தலிலேயே ஆரம்பித்துவிட்டது. டென்மார்க்கில் இப்போது 4 வருசம், நெதர்லாந்தில் 5 வருசம், அயர்லாந்தில் வசிக்கத் தொடங்கினாலே போதும். நியூசிலாந்து 1975 முதல் நிரந்தரமாக வசிப்பவர்களை நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்க விடுகிறது.

லண்டன் மாமாவின் கதை வேறு. 1986 இல் போனவர், பெயரைப் பதிந்த உடனேயே வாக்கு, உள்ளூராட்சிக்கும் நாடாளுமன்றத்துக்கும். காரணம் இலங்கை கொமன்வெல்த் நாடு. மாமாவுக்கு நல்லது, ஆனால் அந்த விதி எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் அதே காலம் வந்த நேபாளக் குடும்பத்துக்கு இங்கிலாந்தில் அந்த வாக்கு இல்லை, வெள்ளைக்காரன் நேபாளத்தை ஆளவில்லை என்ற ஒரே காரணத்தால். ஸ்கொட்லாந்தும் வேல்ஸும் தங்கள் உள்ளூர்த் தேர்தல்களில் இந்த வேறுபாட்டை எடுத்துவிட்டன, சட்டப்படி வசிக்கிற எல்லாருக்கும் வாக்கு.

ஸ்பெயின் இன்னொரு வகை: நீ என் ஆளுக்குக் கொடு, நான் உன் ஆளுக்குக் கொடுக்கிறேன் என்று நாட்டுக்கு நாடு ஒப்பந்தம். இலங்கையோடு அப்படி ஒன்றும் இல்லை. இதில் தண்டனை அனுபவிப்பது யார் என்றால், ஒப்பந்தம் போடாத அரசாங்கம் இல்லை, அங்கே தோட்டத்தில் பழம் பிடுங்குகிற மனிதன். தென்கொரியா 2006 முதல், நிரந்தர வதிவிடம் கிடைத்து 3 வருசமான வெளிநாட்டவரை உள்ளூர்த் தேர்தலில் விடுகிறது, ஆசியாவில் இது பெரிய விசயம். ஆனால் அம்பாறையிலிருந்து தொழிற்சாலை விசாவில் போகிற பொடியன்களுக்கு அந்த நிரந்தர வதிவிடம் எட்டாக்கனி.

பிறகு கதவை மூடிய நாடுகள். ஜெர்மனியில் சில மாநிலங்கள் கொடுக்க முயன்றன, 1990 ஒக்டோபர் 31 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. இன்றும் அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்களுக்குத்தான் உள்ளூர் வாக்கு. பிரான்சில் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற மித்ரோன் 1981 இல் இதைத் தருவதாக வாக்குறுதி கொடுத்தார், நடக்கவில்லை. பாரிசின் லாச்சப்பலில் கடை வைத்திருக்கிற எங்கள் ஆட்கள் இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்தால் இன்றைக்கும் பாரிஸ் மாநகர சபைத் தேர்தலை வேடிக்கைதான் பார்க்க வேண்டும். கனடாவிலும் பிரஜைகளுக்கு மட்டும்தான்.

ஆனால் கனடா மாமி ஒருநாளும் இதைப் பற்றி முறைப்பட்டதில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் எனக்கு விசயம் பிடிபட்டது. கனடாவில் 5 வருசத்துக்குள் 1,095 நாள் வசித்திருந்தால் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று வருசக் கணக்கு. ஒஸ்லோவில் வாக்குக்குத் தேவையான காலமும் அதுதான். ஜெர்மனியும் 2024 இல் பிரஜாவுரிமைக்கான காலத்தை 5 வருசமாகக் குறைத்து இரட்டைப் பிரஜாவுரிமையையும் ஏற்றுக்கொண்டது. அப்படியென்றால் ஒரு நாடு இந்த விசயத்தில் நியாயமாக நடக்கிறதா என்று பார்க்க ‘வெளிநாட்டவருக்கு வாக்கு உண்டா’ என்று மட்டும் கேட்டுப் பிரயோசனமில்லை. இரண்டு கதவு இருக்கிறது. ஒன்று, வசிப்பவர் என்ற முறையில் உள்ளூர் வாக்கு. மற்றது, நியாயமான காலத்தில் பிரஜாவுரிமை. இரண்டில் ஒன்றாவது திறந்திருந்தால் மனிதர் காலப்போக்கில் உள்ளே வந்துவிடுவார். பேர்ணில் முதல் கதவு பூட்டு, இரண்டாவது கதவு பத்து வருசம் தள்ளி, அதுவும் கனம். அதனால்தான் தங்கச்சிக்கு அப்படி வலிக்கிறது.

“வாக்கு வேணுமெண்டா பிரஜாவுரிமை எடு” என்று பேர்ணில் சொல்பவர்களுடைய வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. நாட்டின் தலைவிதியை, இராணுவத்தை, அரசியலமைப்பைத் தீர்மானிக்கிற தேர்தலுக்கு அது பொருந்தலாம். ஊர்ச் சபை செய்கிற வேலை என்ன? குப்பை, வடிகான், தெரு விளக்கு, சந்தை, நூலகம், பாலர் பாடசாலை, மயானம். இதற்கு அந்த ஊரில் அஞ்சு வருசம் இருந்த அனுபவமே போதுமான தகுதி. வெளிநாட்டவர் உள்ளூர் விசயங்களில் பங்கெடுப்பது பற்றி ஐரோப்பிய அவை 1992 இல் கொண்டுவந்த உடன்படிக்கையிலும் 5 வருசம் என்றுதான் இருக்கிறது. மூன்று கொஞ்சம் குறைவு என்று சிலர் சொல்லலாம், பத்து கொடுமை, அஞ்சு எனக்குச் சரியாகப் படுகிறது.

சரி, இப்போது எங்கள் பக்கம் திரும்புவோம். ஒஸ்லோவில் பெரியப்பாவின் மகன் வாக்குப் போட்டதற்குச் சந்தோசப்பட்ட நான், இங்கே வசிக்கிற வெளிநாட்டவருக்கு அதைக் கொடுக்கச் சம்மதிப்பேனா? இதற்குப் பதில் சொல்லாமல் தங்கச்சிக்காக அழுவது நேர்மையில்லை.

இலங்கையில் இரண்டு கதவும் பூட்டுத்தான். உள்ளூராட்சித் தேர்தலில் பிரஜைகளுக்கு மட்டும் வாக்கு. பிரஜாவுரிமை பெறுவதோ, இங்கே வம்சாவளியும் திருமணத் தொடர்பும் இல்லாத ஒருவருக்கு ஏறக்குறைய நடக்காத காரியம். விசேட சேவை செய்தவர்களுக்கு அமைச்சர் கொடுக்கலாம், அதுவும் வருசத்துக்கு 25 பேருக்கு மேல் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. சுவிசை நான் குறை சொல்கிற அளவுகோலில் வைத்தால் என் நாடு சுவிசை விட மோசம்.

இந்தப் பேச்சை எடுத்தால் எங்கள் பக்கத்தில் முதலில் வருகிற பெயர் அறுகம்குடா. பொத்துவில் பிரதேச சபைக்குள் வருகிற கடற்கரை. ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரை அலைச் சறுக்கலுக்கு வெளிநாட்டுக்காரர் நிறைந்திருப்பார்கள், சிலர் அங்கேயே தொழிலும் செய்கிறார்கள், ஊரவர்களுக்கு அதில் மனத்தாங்கலும் இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் சில பத்து வாக்குகளில் வெற்றி தோல்வி மாறிவிடும், காசுள்ள வெளியாட்களுக்கு வாக்கையும் கொடுத்தால் ஊர் யாருடையது என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். பொத்துவில்காரர், மீன்பிடிக் குடும்பம். அவர் கேட்பது எனக்கு விளங்குகிறது. கிழக்கில் இந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்களும், 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்ததும், ஆட்கள் வந்து சேர்ந்தால் வாக்கு எப்படி இடம் மாறும் என்று எங்களுக்குக் காட்டிக் கொடுத்தவை. ஆனால் அங்கே வந்தவர்கள் அரசாங்கம் திட்டம் போட்டுக் கொண்டுவந்து காணி கொடுத்துக் குடியேற்றிய இந்நாட்டுப் பிரஜைகள். வெளிநாட்டவரின் வாக்கை மறுப்பதால் அது நடக்காமல் இருந்திருக்காது.

ஆறு மாசம் விசாவில் வந்து அலை முடிய எழும்பிப் போகிறவருக்கு நான் வாக்குக் கேட்கவில்லை. சுற்றுலா விசாவில் எத்தனை தடவை வந்துபோனாலும் அது வசிப்பது ஆகாது. சட்டப்படியான வதிவிட விசாவில் ஒரே உள்ளூராட்சிப் பிரிவுக்குள் தொடர்ந்து 5 வருசம் இருந்தவர், அந்தச் சபைக்கு மட்டும், வாக்களிக்க மட்டும். தேர்தலில் நிற்பதைப் பிறகு பார்க்கலாம், ஜெனீவா மாதிரி. அப்படிக் கணக்கெடுத்தால் அறுகம்குடாவில் மிஞ்சுவது யார்? இங்கே கலியாணம் கட்டி பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளிக்கு அனுப்புகிற ஒரு பெண், நீண்ட காலமாக இருக்கிற ஒரு வயோதிபர், இப்படிச் சிலர். அவர்களால் ஊர் கைமாறாது. சபைக்குக் குப்பை எங்கே தேங்குகிறது என்று சொல்ல இன்னும் சில குரல் கூடும்.

மட்டக்களப்புக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றவும் கூடாது. எங்கள் வெபர் மைதானம் யாருடைய பெயரில் இருக்கிறது? அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சேசு சபைக் குருவானவரின் பெயரில். 1948 இல் அதேபோல வந்த யூஜின் ஹேபேர்ட் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரிப் பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கினார், 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்துகொண்டிருந்தபோது காணாமல் போனார், இன்று வரை அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எங்களோடு சேர்ந்து எங்களுக்கு நடந்தது அவருக்கும் நடந்தது. அப்பா அவரிடம் விளையாடியவர். அவரைப் பற்றிப் பேசும்போது அப்பா ஒருநாளும் ‘வெள்ளைக்காரர்’ என்று சொன்னதில்லை, ‘எங்கட ஃபாதர்’ என்பார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது இதைவிடக் கனமானது. தலைமுறையாக இங்கே உழைத்த மலையகத் தமிழர்களை 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் வெளியாட்கள் ஆக்கி, 1949 இல் வாக்கையும் பறித்த நாடு இது. பிரஜாவுரிமையை முழுதாகத் தீர்க்க 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் பிரதேச சபைகளுக்குத் தோட்டத்துக்குள் வேலை செய்ய அதிகாரம் இருக்கவில்லை, 2018 இல் சட்டத்தைத் திருத்தும் வரை. வாக்குப் போடலாம், ஆனால் தெரிவு செய்த சபையால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் போகிற பாதையைத் திருத்த முடியாது. அவர்கள் அனுபவித்ததைத் தெரிந்துகொண்டே, வசிக்கிற மனிதருக்கு வாக்கு வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இங்கே பிரஜையாகவே இருக்கிற எங்களுக்கும் உள்ளூர் வாக்கு ஒழுங்காகக் கிடைத்ததா என்றால், 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய தேர்தலைத் தள்ளித் தள்ளி 2025 மே 6 அன்றுதான் நடத்தினார்கள். இரண்டு வருசத்துக்கு மேல் சபையே இல்லை. எங்கள் ஒழுங்கை வடிகானைப் பற்றி முறையிட ஒரு உறுப்பினர் இல்லாமல் இரண்டு மாரி போனது. அப்போதுதான் எனக்குத் தங்கச்சியின் இருபது வருசம் எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் உறைத்தது.

அவளிடம் நேற்று இரவு இதையெல்லாம் சொன்னேன். அம்மாவின் யோசனையை விடு, வீடு மாறுகிற யோசனையையும் விடு, சும்மா இருப்பதை மச்சான் சொல்வதுக்காக ஏற்காதே. பி1 பரீட்சைக்குப் பதிந்துகொள், இங்கத்தை விண்ணப்பத்தை முதலில் போடு. கட்டணம் எல்லாம் சேர்த்தால் ஊருக்கு ஒரு தடவை வந்துபோகிற காசுக்கு மேல் முடியலாம், அதைப் பற்றி யோசிக்காதே என்றேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டாள், “அம்மாக்கு எப்பிடிச் சொல்றது, அவ கவலைப்படுவா.” அம்மாவுக்கு நான் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பின்னால் மருமகளின் சத்தம் கேட்டது, பரீட்சைக்குத் தான் படிப்பித்துத் தருவதாக.

தங்கச்சியுடைய பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி ஒன்று தேவை. நாளைக் காலை மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்துக்குப் போகிறேன், எட்டரைக்கு முன்னம் போனால் வரிசை குறைவாக இருக்கும்.